மாற்றுத்திறனாளி வேலைக்குத் தயாராவது எப்படி: எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும்

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் படித்து முடித்து ஒரு வேலையில் உட்காருவதற்குள் நாங்கள் ஏறி இறங்கிய அலுவலகங்களில் பாதி, தேவையே இல்லாமல் போனவை. எந்தக் காகிதம் எதற்கு முன்னால் வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். அப்புறம் உறவில், தெருவில், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரோடும் கூடப் போய் வரிசையில் நின்றதில் ஒரு ஒழுங்கு பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. வேலை தேடுபவர் நீங்களாகவும் இருக்கலாம், அவருக்குத் துணையாகப் போகிறவராகவும் இருக்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் முதலில் பயிற்சிதான் தேடுகிறார்கள். “ஏதாவது ஒரு கோர்ஸில் சேர்த்துவிட்டால் போதும்” என்பார்கள். பயிற்சி நான்காவது, ஐந்தாவது படியாக வர வேண்டியது. சில காகிதங்கள் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்குப் பதிந்த தேதியில் இருந்துதான் கணக்கே தொடங்கும். அவற்றை முதலில் போட்டுவிட்டு, அந்தக் காத்திருப்புக் காலத்தில் வேலையை யோசித்து, அதற்கு ஏற்ற பயிற்சிக்குப் போவதுதான் சரியான வரிசை.

## 1. பெயரில் உள்ள இனிஷியலைச் சரிசெய்யுங்கள்

கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் விண்ணப்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் “கவிதா எஸ்” என்று இருக்கும். ஆதாரில் “கவிதா செல்வம்”. வங்கிக் கணக்கில் “எஸ். கவிதா”. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆதாரை வைத்து வரும். அரசுத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புப் பட்டியலைப் பார்ப்பார்கள். பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். மூன்றிலும் மூன்று பெயர் இருந்தால் ஏதோ ஒரு ஜன்னலில் திருப்பி அனுப்புவார்கள்.

பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்றுவது கடினம், ஆதாரை மாற்றுவது எளிது. ஆதார் மையத்தில் திருத்தக் கட்டணம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பள்ளிக்கே போகாதவர் என்றால் பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். அதே நாளில் ஆதாரில் இருக்கும் கைப்பேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்றும் பாருங்கள். எல்லா இணையதளமும் ஓ.டி.பி. அனுப்பும். அது மாமாவின் பழைய எண்ணுக்குப் போனால் அன்றைய வேலை அன்றோடு நின்றது.

## 2. மாற்றுத்திறனாளி சான்றும் யூ.டி.ஐ.டி. அட்டையும்

யூ.டி.ஐ.டி. என்பது நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. இது இல்லாமல் மேலே எதுவும் நகராது. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. தனியார் கணினி மையத்தில் கொடுத்தால் அவர்கள் கூலி கேட்பார்கள், அது வேறு. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவி கேட்கலாம். இந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இனி அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்துக்கு ஆதார், சமீபத்திய புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். அதன் பிறகு மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பார்கள், அல்லது முகாம் நாளில் வரச் சொல்வார்கள். எந்தக் குறைபாட்டுக்கான மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கண் மருத்துவர் வராத நாளில் பார்வைக் குறைபாட்டுக்காகப் போய் நின்று பயனில்லை. முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

முகாமுக்குக் கொண்டுபோக வேண்டியவை:

- பழைய மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை அறிக்கை என்று கையில் இருப்பது எல்லாம்
- செவித்திறன் என்றால் ஆடியோகிராம் (கேட்கும் திறனைச் சோதித்த அறிக்கை)
- அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் என்றால் உளவியல் மதிப்பீட்டு அறிக்கை
- ஆதாரின் அசலும் நகல்களும், நாலைந்து புகைப்படங்கள்
- தண்ணீர், சாப்பாடு, மாத்திரை (மதியம் வரை ஆகிவிடும்)

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. வெளியே தெரியும் குறைபாடு மட்டும்தான் கணக்கு என்று நினைத்து, மனநோய்க்கோ தசைச் சிதைவுக்கோ ஹீமோபீலியாவுக்கோ சான்று வாங்காமலே இருப்பவர்கள் நிறையப் பேர். பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சான்றில் உள்ள சதவீதம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் வேலை ஒதுக்கீடு. அட்டையின் நிறத்திலேயே இது தெரியும்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழ் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று உண்மையிலேயே தோன்றினால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது (பிரிவு 59). “நான் கூட்டிப் போட்டு வாங்கித் தருகிறேன்” என்று முகாம் வாசலில் நிற்பவரிடம் மட்டும் போகாதீர்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை உங்களுக்கு. அந்த ஆள் அடுத்த முகாமில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார்.

2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் சான்று தர வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் ஒப்புகை எண்ணோடு மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் பரிசோதனைக்குப் போகாமல் இரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டால் விண்ணப்பம் செயலிழந்துவிடும், மறுபடி முதலில் இருந்து வர வேண்டும்.

சான்று கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, நிரந்தரமா தற்காலிகமா. தற்காலிகம் என்றால் எந்தத் தேதி வரை என்று இருக்கும். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். நேர்காணல் நாளில் காலாவதியான சான்றோடு நின்றவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு, குறைபாட்டின் பெயர். “ஒரு கை”, “இரு கால்”, “குறைபார்வை” என்று எழுதியிருப்பது பின்னால் அரசு அறிவிக்கையில் வரும் வகையோடு பொருந்த வேண்டும்.

## 3. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு: தள்ளிப்போடவே கூடாது

“அங்கே பதிந்து யாருக்கு வேலை கிடைத்தது?” என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே பதியலாம், அதற்கு வேறு பயன்களும் உண்டு.

சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி என்று குறிப்பிட்டுப் பதிய வேண்டும். ஏற்கெனவே பொதுப் பிரிவில் பதிந்திருந்தால் சான்றைக் காட்டி அந்தக் குறிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த மாதத்தைக் கைப்பேசிக் காலண்டரில் போட்டுவையுங்கள். விட்டுப்போனால் பழைய பதிவு மூப்பு போய்விடும்.

வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கும் இந்தப் பதிவுதான் அடிப்படை. பொதுப் பிரிவினர் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 750, பட்டதாரிக்கு 1000 என்று பத்தாண்டு வரை கிடைக்கும். குடும்ப வருமான உச்சவரம்பு இவர்களுக்கு இல்லை. இந்தத் தொகையில் குடும்பம் நடத்த முடியாது, பயிற்சிக்குப் போய்வர ஆகும். ஏற்கெனவே வேறு அரசு மாத உதவித்தொகை வாங்குபவர், இரண்டும் சேர்த்து வாங்கலாமா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் திருப்பிக் கட்டச் சொன்னால் சங்கடம்.

## 4. பயிற்சிக்கு முன் வேலையைப் பாருங்கள்

என் தம்பியை முதலில் சேர்த்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆறு மாதக் கணினிப் பயிற்சி, பளபளவென்று ஒரு சான்றிதழ். அதை எந்த நிறுவனத்திலும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே சைகை மொழி தெரிந்த ஆசிரியரும் இல்லை. கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். இப்படிப்பட்ட இடங்கள் எங்கும் இருக்கின்றன. ஆள் எண்ணிக்கை காட்டினால் அவர்களுக்கு நிதி வருகிறது, பயிற்சி பெற்றவர் வேலைக்குப் போனாரா என்பதை யாரும் கேட்பதில்லை.

அதனால் தலைகீழாகப் போங்கள். உங்கள் வீட்டில் இருந்து தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொழிற்சாலை, மருத்துவமனை, துணிக்கடை, அச்சகம், கூரியர், வங்கி, பள்ளி, வீட்டில் இருந்தே செய்யும் கணினி வேலை. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கேள்வி:

- அந்த வேலையில் ஒரு நாளில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? நிற்பதா, உட்காருவதா, பேசுவதா, தூக்குவதா?
- அதில் எந்தப் பகுதி இவருக்கு முடியாது? அந்தப் பகுதியைக் கருவியால் சரிசெய்யலாமா, வேறு ஆளிடம் மாற்றிவிடலாமா?
- அந்த முதலாளி ஆள் எடுக்கும்போது என்ன தகுதி கேட்கிறார்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் நீங்கள் தேட வேண்டிய பயிற்சி.

“காது கேட்காதவர் என்றால் தையல், கண் தெரியாதவர் என்றால் தொலைபேசி இயக்குபவர், கால் முடியாதவர் என்றால் டேட்டா என்ட்ரி” என்று ஒரு பட்டியல் எல்லா அலுவலகத்திலும் மனப்பாடமாக இருக்கிறது. அதை அப்படியே ஏற்காதீர்கள். முழுப் பார்வையிழப்பு உள்ளவர்கள் மென்பொருள் எழுதுகிறார்கள், வங்கியில் அதிகாரிகளாக இருக்கிறார்கள். இவருக்கு எதில் விருப்பம் என்று கேட்பதையே பல வீடுகளில் மறந்துபோகிறோம்.

எது ஒத்துவரும் என்றே தெரியவில்லை என்றால், சென்னை கிண்டியில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய தொழில் சேவை மையம் இருக்கிறது. கை, கண், நினைவு, விருப்பம் எல்லாவற்றையும் சோதித்து எந்த வகை வேலை பொருந்தும் என்று மதிப்பீடு செய்து சொல்வார்கள். குறுகிய காலப் பயிற்சிகளும் அங்கேயே உண்டு.

## 5. பயிற்சி எங்கே, எதைக் கேட்டுச் சேர்வது

- அரசு ஐ.டி.ஐ.: உடல் ஒத்துழைத்தால் இதுதான் என் முதல் தேர்வு. இந்தச் சான்றிதழுக்கு நாடு முழுக்க மதிப்பு உண்டு. தொழிற்சாலைகள் நேரடியாக வந்து ஆள் எடுக்கின்றன. சேர்க்கை ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் கோடை முடியும் சமயம். தவறவிட்டால் ஓராண்டு போகும்.
- ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்: மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்துவது. இலவசம், சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. சொந்தத் தொழிலுக்கு நல்லது, சம்பள வேலைக்கு அல்ல.
- பி.எம். தக்ஷ்: மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் திறன் பயிற்சி இணையதளம். யூ.டி.ஐ.டி. எண் வேண்டும்.
- சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம்: ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கு.
- தொண்டு நிறுவனங்கள்: தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் போன்றவை பல ஆண்டுகளாக இதில் இருப்பவை.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கோ பெயர் கொடுப்பதற்கோ முன் இவற்றைக் கேளுங்கள். சென்ற அணியில் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் ஒருவரிடம் பேச முடியுமா? சான்றிதழ் யார் பெயரில் வரும்? சைகை மொழி தெரிந்தவர் வகுப்பில் இருப்பாரா, கணினியில் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) போட்டிருக்கிறதா, கழிவறைக்குச் சக்கர நாற்காலி போகுமா? முதல் கேள்விக்கே மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவுக் கணக்கில் எல்லாரும் மறப்பது போக்குவரத்து. நகர அரசுப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இலவசம். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் இருந்து பயிற்சி இடம் வரை தினமும் ஆட்டோ என்றால் அதுவே மாதத்துக்குப் பெரிய தொகை ஆகிவிடும். கூட வருபவர் தன் வேலையை விட்டுவிட்டு வந்தால் அந்தச் சம்பளமும் செலவுதான். நல்ல பயிற்சிகள் பாதியில் நிற்பதற்கு, நான் பார்த்தவரை, இதுதான் காரணம்.

## 6. கருவிகள்

விலை கொடுத்து வாங்கும் முன் இலவசமாக இருப்பதைப் பழகுங்கள். பார்வையற்றவர்களுக்கு என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. காது கேளாதவர்களுக்கு எதிரில் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி, தமிழிலும் ஓடும். சந்தடியான இடத்தில் தடுமாறும், அமைதியான அறையில் நேர்காணலுக்குப் போதும்.

மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம், இணைப்புச் சக்கரங்கள் கொண்ட ஸ்கூட்டர், திறன்பேசி எல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகத் தரும் திட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை தனி, காத்திருப்பும் உண்டு. வேலை கிடைத்த பிறகு ஸ்கூட்டருக்கு விண்ணப்பித்தால் வேலையில் சேரும் நாளுக்கு அது வந்து நிற்காது. பயிற்சியில் சேரும்போதே கொடுத்துவையுங்கள்.

காது கேளாத பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கருவியைவிட முக்கியம் எழுதப் படிக்கத் தடையில்லாமல் வருவது. சைகையில் வளர்ந்தவர்களுக்கு எழுத்துத் தமிழின் இலக்கணம் இரண்டாவது மொழி மாதிரிதான். “நாளை லீவு வேண்டும்” என்று ஒரு குறுஞ்செய்தி பிழையில்லாமல் எழுதுவது வேலையிடத்தில் எவ்வளவு தூரம் உதவும் என்று தம்பியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தினமும் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

## 7. அரசு வேலைக்கு முயன்றால்

ஒதுக்கீடு 4 சதவீதம். அதிலும் பிரிவு உண்டு. பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவித்திறனுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு (மூளை முடக்குவாதம், குள்ளத்தன்மை, தசைச் சிதைவு, தொழுநோயிலிருந்து மீண்டோர், அமிலவீச்சுக்கு ஆளானோர் இதில் அடக்கம்) 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்து 1.

வயது வரம்பில் தளர்வு உண்டு. மத்திய அரசுத் தேர்வுகளில் பொதுப் பிரிவுக்கு 10 ஆண்டு, ஓ.பி.சி.க்கு 13, எஸ்.சி., எஸ்.டி.க்கு 15. டி.என்.பி.எஸ்.சி.யிலும் 10 ஆண்டு. தேர்வுக் கட்டணமும் பெரும்பாலும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி.யில் நிரந்தரப் பதிவுக்கான 150 ரூபாய் தனி, அது ஐந்தாண்டு செல்லும்.

அறிவிக்கை வந்ததும் பாடத்திட்டத்துக்குத் தாவாதீர்கள். முதலில் “எந்தக் குறைபாடுள்ளவர்களுக்கு இந்தப் பணியிடம் உகந்தது” என்ற பட்டியலைத் தேடுங்கள். ஓ.ஏ. என்றால் ஒரு கை, ஓ.எல். ஒரு கால், பி.எல். இரு கால், எல்.வி. குறைபார்வை, எச்.எச். கேட்கும் திறன் குறைந்தவர். பக்கத்திலேயே அந்தப் பணிக்கு வேண்டிய உடல் திறன்களும் எழுத்துக்குறியாக இருக்கும்: எஸ். உட்காருவது, எஸ்.டி. நிற்பது, டபிள்யூ. நடப்பது, ஆர்.டபிள்யூ. படிப்பதும் எழுதுவதும். உங்கள் வகை அந்தப் பட்டியலில் இல்லாமல் ஓராண்டு படித்து எழுதித் தேறினாலும் சான்று சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள்.

எழுத முடியாதவருக்குச் சொல்வதை எழுதுபவர் உண்டு. கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல். இரண்டையும் விண்ணப்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும், தேர்வு நாளில் போய்க் கேட்டால் நடக்காது. சொல்வதை எழுதுபவரை நீங்கள் கூட்டிவரலாமா, அவருடைய படிப்பு எவ்வளவு இருக்கலாம் என்பது தேர்வுக்குத் தேர்வு மாறுகிறது. அறிவிக்கையை வரிக்கு வரி படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. “கோட்டாவில் காலியிடம் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்” என்று ஒருவர் கட்டாயம் வருவார். உங்கள் சான்றின் நகலைக்கூட அவரிடம் தராதீர்கள்.

## 8. தனியார் வேலை

தனியாரில் ஒதுக்கீடு கிடையாது. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரிய நிறுவனம் என்றால் அந்தக் கொள்கையில் தொடர்பு அலுவலர் யார் என்று பார்த்து அவருக்கே நேராக எழுதுங்கள். பொதுப் பெட்டிக்கு அனுப்பும் பயோடேட்டாவைவிட இது வேகமாக நகரும்.

தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையத்தில் பதியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போங்கள். முகாமில் நூறு மேசை இருந்தால் எல்லாவற்றிலும் பயோடேட்டா வைக்க வேண்டியதில்லை. காலையிலேயே போய், நீங்கள் நான்காவது படியில் எழுதிய தாளில் இருக்கும் வேலைகளை மட்டும் தேடுங்கள்.

பயோடேட்டா ஒரு பக்கம். குறைபாட்டைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். வெளியே தெரியாத குறைபாடு என்றால் உங்கள் விருப்பம். நேர்காணலுக்கே ஏற்பாடு தேவைப்படும் என்றால் எழுதிவிடுங்கள். ஆனால் “80 சதவீதம் ஊனம்” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. “திரைவாசிப்பான் உதவியோடு எக்செல், மின்னஞ்சல் வேலைகளைச் செய்வேன், என் மடிக்கணினியிலேயே அது இருக்கிறது” என்று எழுதினால் புரியும்.

நேர்காணலில் நீங்கள் துணைக்குப் போகிறவர் என்றால் நாற்காலியைச் சற்றுப் பின்னால் போட்டு உட்காருங்கள். தம்பியிடம் கேட்க வேண்டிய கேள்வியை எல்லாம் என்னைப் பார்த்தே கேட்டார்கள். “தம்பி நேரத்துக்கு வருவாரா?” என்றுகூட. நான் பதில் சொல்லாமல் அவனைக் கைகாட்டிய பிறகுதான் ஒரு தாளையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார்கள். மடமடவென்று எழுதிக் கொடுத்தான். அதற்கப்புறம் என்னை யாரும் பார்க்கவே இல்லை.

வேலை தருகிறேன் என்றதும் ஒப்புக்கொண்டுவிடாமல் ஒருமுறை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலி என்றால் கையில் டேப் வேண்டும். கழிவறைக் கதவின் திறப்பு 90 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. சாய்தளம் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். வாசலில் ஒன்றரை அடிக்குப் படிகள் இருந்தால் 18 அடி நீளச் சாய்தளம் போட இடம் இருக்கிறதா? “பலகை ஒன்று போட்டுக்கலாம் சார்” என்பார்கள். அது செங்குத்தாக நிற்கும், ஏற முடியாது.

## 9. முதல் மாதம்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வேலை நிலைப்பதும் நிலைக்காததும் இந்த ஒரு மாதத்தில்தான் இருக்கிறது. முடிந்தால் பயிற்சி கொடுத்தவரோ வீட்டில் ஒருவரோ முதல் சில நாட்கள் வேலையிடத்திலேயே இருக்க அனுமதி கேளுங்கள். அவருக்கு வேலை செய்து கொடுப்பதற்கு அல்ல, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுவதற்கு. “பெட்டி கட்டு” என்றால் புரியாது. பெட்டியை விரி, அடியில் டேப் ஒட்டு, ஆறு பாட்டில் வை, மூடு, மேலே டேப் ஒட்டு என்று ஐந்து படமாக வரைந்து மேசையில் ஒட்டினால் புரியும். அப்புறம் பக்கத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பழக்கிவிட்டு, கூட வந்தவர் மெல்ல விலகிவர வேண்டும். விலகாமலே இருந்துவிடுகிற பெற்றோர் உண்டு. அதுவும் வேலையைக் கெடுக்கும்.

சம்பளத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுங்கள். “பயிற்சியாளர்” என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் கைச்செலவுப் பணம் மட்டும் கொடுத்து வேலை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அது முடிந்ததும் எவ்வளவு என்று சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள்.

மாதாந்திர அரசு உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயந்து வேலைக்கே அனுப்பாத வீடுகளும் உண்டு. சில உதவித்தொகைகளுக்கு வருமான நிபந்தனை உண்டு, சிலவற்றுக்கு இல்லை. நீங்கள் வாங்குவது எந்தத் துறையின் எந்தத் திட்டம் என்று ஆணையை எடுத்துப் பாருங்கள். வருவாய்த் துறையா, மாற்றுத்திறனாளிகள் நலத் துறையா? அந்தந்த அலுவலகத்தில் கேட்டுவிட்டு, சம்பளத்தையும் உதவித்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## 10. சேர்ந்த பிறகு

- இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சம்பள வரம்பு மற்றவர்களுக்கு மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 25,000. இது தெரியாத கணக்குப் பிரிவு நிறைய உண்டு. நீங்களே சொல்லுங்கள்.
- வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தால், பழைய வரி முறையில் மாற்றுத்திறனாளிக்கு 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. புதிய முறையில் இது கிடையாது. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.
- வேலையில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் அரசு நிறுவனம் அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ முடியாது (பிரிவு 20).
- பாகுபாடு நடந்தால் முதலில் நிறுவனத்துக்குள் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம், கட்டணமோ வக்கீலோ வேண்டியதில்லை. மத்திய அரசு நிறுவனம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடம்.
- தனியார் வேலையில் சேர்ந்துவிட்டோம் என்று வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள். ஆனால் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் வேலை கிடைத்ததை எழுதிக் கொடுத்து அதை நிறுத்திவிட வேண்டும்.